என் பித்தநீரை நானே குடித்தேன், அக்கா

பிரியமான ரங்கம்மா அக்கா,

உன்னைக் கொண்டுபோன மஞ்சள் காமாலை எனக்கும் வந்துவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் வலது விலாவுக்குக் கீழே வலி. பிறகு குளிர்காய்ச்சல். உடம்பெல்லாம் அரிப்பு. நீ சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாயே, அதே அரிப்பு. சத்தியமங்கலத்தில் உனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆபரேஷன் என்ற பேச்சை எடுக்கவே எல்லோரும் பயந்தார்கள். நீ போனபோது உன் முகத்திலிருந்த நிறம் என் முகத்தில் ஏறியதும் என் வீட்டுக்காரர் கார் பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

பித்தநீர் இறங்கும் பாதையில் கல் அடைத்திருந்ததாம். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். விழித்துப் பார்த்தால் விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு பாட்டில். அதற்குள் என் பித்தநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்த மஞ்சள் இறங்கியது, ஆனால் உடம்பில் தெம்பே இல்லை. தின்றது எதுவும் செரிக்கவில்லை. பாட்டில் நிறைய நிறைய நான் காலியாகிறேனோ என்று பயந்து கிடந்தேன்.

டாக்டர் வந்து சொன்னார்: "அம்மணி, சோத்துல இருக்கற நெய்யும் எண்ணெயும் செரிக்கப் பித்தநீர் வேணுங்க. உங்களுக்கு அத்தனையும் வெளியில போயிருது. மாத்திரையாக் குடுக்கலாங்க."

"அது எதுல செய்யறதுங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டர் மறைக்கவில்லை. "மாட்டுப் பித்தத்துல இருந்துங்க."

முட்டைகூடத் தொடாத குடும்பம் நம்முடையது. எப்படி விழுங்குவேன்? வேண்டாமென்றால் செத்துப்போவேனோ? "வேற வழியே இல்லீங்களா?" என்றேன்.

"இருக்குதுங்க. பாட்டில்ல இருக்கறது உங்களுதுதானுங்க. அதையே குடிக்கோணும்."

அவர் கேலி செய்யவில்லை, அக்கா. நர்ஸம்மா அதை வடிகட்டி, குளிரவைத்து, ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொண்டுவந்தார். அந்தக் கசப்பை எதற்கு ஒப்புச் சொல்வேன்? முதல் வாயிலேயே வாந்தி. என் வீட்டுக்காரர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, "மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிச்சுப்போடு அம்மணி. நீ இல்லாட்டி எனக்கு ஊடு ஏது?" என்றார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. குடித்தேன். மறுநாளும் குடித்தேன்.

வெளுத்துப்போயிருந்த மலத்துக்கு நிறம் திரும்பியது. உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ரசஞ்சோறு வயிற்றில் தங்கியது. சுவரைப் பிடிக்காமல் நடந்தேன்.

இன்று காலை குழாயை இடுக்கி போட்டு அடைத்துவிட்டார்கள். இனிப் பித்தநீர் தன் வழியில் உள்ளே இறங்கவேண்டும். கல் ஏதாவது மிச்சமிருந்தால் வலி வரும், காய்ச்சல் வரும், மறுபடி கத்திதான். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தபடியே இருந்தேன். நீயும் இப்படித்தான் கிடந்தாயா? அந்தப் பயத்தை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?

மத்தியானம் உன் மகள் சரோஜா என்னைப் பார்க்க வந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று வலது விலாவை அமுக்கிக்கொண்டாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க சின்னம்மா. நெய்ப் பலகாரம் தின்னா இப்படிப் புடிச்சுக்கும். அம்மாவுக்கும் இப்படித்தான் இருக்குமுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவளை ஊருக்குப் போகவிடவில்லை.

சாயங்காலம் டாக்டர் என் இமையை விலக்கிப் பார்த்தார். "மஞ்சள் இல்லீங்க, காய்ச்சலும் இல்லீங்க" என்றார். நான் அதற்குச் சந்தோஷப்படக்கூட இல்லை. "இந்தப் புள்ளையப் பாருங்க" என்றேன்.

வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், நாளைக்கே எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றார். சரோஜாவின் முகம் வெளுத்துவிட்டது. "பயமா இருக்குதுங்க சின்னம்மா."

"எனக்குந்தான் கண்ணு. பயந்துக்கிட்டே வா, போலாம்."

இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். நாளைக்குக் குழாயோடாவது அவள் கூட நடந்து போவேன். கீழாநெல்லியோடு விட்டுவிடமாட்டேன். அவளைத் தனியாகப் பயப்பட விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் தங்கை,
கிருஷ்ணம்மா