ஆறாவது வேலியில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

கில்வரா, கார்க், அயர்லாந்து
பிப்ரவரி, புதன்கிழமை காலை

அன்பு மகன் ஃபின்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே ஒரே ஒரு காறை எலும்பைத் தவிர மற்ற எல்லாரும் எல்லாமும் நலம். அங்கே நீ உன் எலும்புகள் அத்தனையோடும் நலமாயிருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், அது உன் தங்கைக்கும் சேர்த்துத்தான் எரிந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஃபோனில் உன் அப்பா, விழுந்தாள், தோளில் ஒரு எலும்பு, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்கப் போய்விட்டார். உலகமே இடிந்து விழுந்தாலும் அந்த மனுஷன் நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். நீ அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா, அதனால்தான் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் போன கடிதத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தோடு தங்கை ஓர்லா குதிரைப் பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட வேண்டும், அப்பா சொல்ல மாட்டார், அம்மா நீ சொன்னால்தான் கேட்பாள் என்று எழுதியிருந்தாய். நீ எழுதியதில் தப்பே இல்லை. உன் கூட்டாளி டெக்லன் பந்தயத்தில் விழுந்த அன்று அவனுக்குப் பின்னாலேயே குதிரையில் வந்தவன் நீ. அவன் இப்போதும் சக்கர நாற்காலியில் மைதான வாசலில் உட்கார்ந்து பந்தயச் சீட்டு விற்றுக்கொண்டு, போகிற வருகிற ஆளையெல்லாம் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறான், நீதான் அதற்குப் பிறகு குதிரையின் அங்கவடியில் கால் வைத்து ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் முடிந்ததும் அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். என்ன சொல்வது என்பதைக் கோழிகளுக்குத் தீனி போடும்போது ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், கோழிகள் ஒத்துக்கொண்டன.

நான் பந்தயம் பார்க்கிற லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. நீ ஓட்டிய காலத்திலிருந்தே குதிரையை ஏற்றி வருகிற நம் தகர வண்டிக்குப் பின்னால் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன், எல்லாம் முடிந்து உன் அப்பா வந்து தகரத்தில் தட்டினால்தான் திரும்புவேன். இந்த ஞாயிறு பந்தயம் நம் ஊர்ப் பந்தயம், மாஸி ஹான்ரஹான் வீட்டு வயலில். குதிரைகள் தாண்டுகிற வேலிகளுக்கெல்லாம் ஆள் நிறுத்துவது மாஸியின் பொறுப்பு. அவனுடைய ஆட்கள் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட, பூசை முடிந்து கோவில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். முடியாது என்றேன், என் மகள் ஓட்டுகிறாள் என்றேன். நீ பார்க்க வேண்டாம் நோரீன், சும்மா நின்றால் போதும் என்றான். உன்னையும் ஓர்லாவையும் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்த பேட்ஸி டீச்சருக்கும் எனக்கும் கிடைத்தது ஆறாவது வேலி, பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வருமே, அது. மாட்டுக் கொட்டகையில் நிற்க வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தான். வேலியடியில் யாராவது விழுந்து கிடந்து, குதிரைகள் மறு சுற்றுக்குத் திரும்பி வந்தால், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை எடுத்துக்கொண்டு ஒருத்தி மேட்டில் ஏறி, வருகிற குதிரைகளுக்கு நேர் எதிரே நின்று, விசில் ஊதி, கொடியை ஆட்டி, அத்தனையையும் வேலிக்குப் பக்கவாட்டில் திருப்பி அனுப்ப வேண்டும். விழுந்த ஆளைப் பார்ப்பது இன்னொருத்தியின் வேலை, கொடிக்காரி திரும்பியே பார்க்கக் கூடாது. கொடியை என் கையில் திணித்துவிட்டு மாஸி சொன்னான், "இது கையில இருக்கிற வரைக்கும் நீ யாருக்கும் அம்மா இல்ல." பெரிய ஜெனரல் மாதிரிப் பேசுகிறானே என்று நானும் டீச்சரும் சிரித்தோம்.

ஃபின்டன், நீ எத்தனை வருஷம் ஓட்டினாய், ஒரு நாளாவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? முதல் சுற்றில் அவர்கள் வந்தபோது சத்தம் காதுக்கு வரவில்லை, ரப்பர் பூட்ஸ் வழியாகக் காலுக்கு வந்தது, அப்புறம் வயிற்றுக்கு. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், மூட முடியவில்லை. விடியற்காலையில் நாற்பது மாட்டில் பால் கறந்துவிட்டு வந்திருக்கிற டோனல் கீஹன், பல் டாக்டர், மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பெண், எல்லாரும் நாம் கடையில் பார்த்து மழையைப் பற்றிப் பேசுகிற ஆட்கள்தான். ஒருத்தருக்கும் இதில் சம்பளம் கிடையாது. அந்த ஆட்களா இவர்கள் என்று பார்த்தேன். நடுவில் நம் குதிரை பெக்கியின் மேல் ஒருத்தி வந்தாள். கன்னமெல்லாம் சேறு, கண் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் எங்கேயோ. தன் காலுறையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாத என் மகள் அவள் என்று எனக்கு ஒரு நொடி பிடிபடவே இல்லை. ஒரு மூச்சில் வேலிக்கு மேலே போனார்கள், போய்விட்டார்கள். பேட்ஸி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

மொத்தம் மூன்று சுற்று, இரண்டாம் சுற்றில்தான் விழுந்தாள். தாவுகிற இடத்தில் மண் குழைந்து போயிருந்தது. பெக்கிக்கு முன்னங்கால் வழுக்கி, தாவ முடியாமல் நெஞ்சால் வேலியில் மோதியது, ஓர்லா இந்தப் பக்கமே, வேலியின் காலடியிலேயே விழுந்தாள். கடிவாள வாரை விடாதே, குதிரை ஓடிவிடும் என்று உன் அப்பா சொல்லிக் கொடுத்ததை அவள் கேட்கவில்லை, கடவுள் அவளுக்கு நல்ல புத்தி கொடுத்தார். விழுகிறபோதே வாரை விட்டுவிட்டு, பந்து மாதிரி சுருண்டு, கையால் தலையை மூடிக்கொண்டு வேலியோடு ஒட்டிக்கொண்டாள். பின்னால் மூன்று குதிரைகள் இன்னும் வரவேண்டியிருந்தன. மூன்றும் என் மகளுக்கு மேலேயே தாவின ஃபின்டன். ஒரு குளம்பாவது படவில்லை. பெக்கி எழுந்து, தன்பாட்டுக்கு ஊர் சுற்றப் போய்விட்டது. ஓர்லா அசையவில்லை. கடைசிக் குதிரை போகிற வரைக்கும் அசையக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். கடைசிக் குதிரையும் போயிற்று. அப்போதும் அசையவில்லை.

டீச்சர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு நோரீன், கண்ணு மூடியிருக்கு" என்று கத்தினார். டாக்டரின் ஜீப் நாலாவது வேலியில் வேறொரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கூப்பிட்டுவரவும், அது உள்ளே வர வயல் கதவைத் திறந்துவிடவும் டீச்சர் ஓடினார். டாக்டர் வராமல் கழுத்தை அசைக்கக் கூடாது, அவளை அங்கேயிருந்து எடுக்கவும் முடியாது. குதிரைகளோ மேட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. என் இரண்டு காலில் ஒன்று அவளிடம் போயிற்று, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு அடி போயிற்று. கையில் கொடி இருந்தது. திரும்பி, மேட்டில் ஏறி, பள்ளத்துக்கு எதிரே நடுப்பாதையில் போய் நின்றேன், பெற்ற பிள்ளை கண்மூடிக் கிடக்கிறாள், நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வந்தார்கள். பள்ளத்துக்குள் இறங்கி மறைந்து, அப்புறம் முதலில் காதுகள், பிறகு தலைகள், பிறகு மொத்தமும் ஒரே நேரத்தில் என் மேலே எழுந்து வந்தன. விசில் ஊதினேன், கொடியை ஆட்டினேன், செபம் கூட வரவில்லை, போங்கள் போங்கள் என்றுதான் மனசுக்குள் ஓடியது. டோனல் முன்னால் இருந்தான். என்னைப் பார்த்தான், ஒரு கையை உயர்த்திப் பின்னால் இருப்பவர்களுக்கு "வெளியே, வெளியே" என்று குரல் கொடுத்தான். அந்த வேகத்தில் அந்தக் கூட்டம் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜெயிக்க இன்னும் நாலே வேலி இருக்கிறது, ஒருத்தராவது குறுக்கே புகுந்து இடம் பிடிக்கப் பார்க்கவில்லை. அங்கவடி என் கோட்டில் உரசுகிற நெருக்கத்தில் போனார்கள், சேறு வாயெல்லாம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. பயத்தில் உயிர் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், அட கடவுளே, எவ்வளவு அழகு என்று ஒரு எண்ணம் வந்தது. பிள்ளை அங்கே கிடக்கும்போது வந்தது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி ஓடியபோது ஜீப்பும் வந்து சேர்ந்தது. ஓர்லா கண்ணைத் திறந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் கீலி கழுத்தைப் பார்த்து, கண்ணில் விளக்கடித்து, நினைவு தப்பியதா என்று கேட்டார். இல்லை, மூச்சடைத்துப் போயிற்று, கண்ணில் சேறு, அவ்வளவுதான் என்றாள். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள், நினைவு தப்பியது என்றால் ஓட்ட விடமாட்டார்களே, ஏப்ரல் பந்தயத்தை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? டாக்டர் அவளை நம்பாமல் என் பக்கம் திரும்பி, நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள், நினைவு இருந்ததா என்றார். ஃபின்டன், இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். டாக்டரே அவளைத் தடுத்து வைத்திருப்பார், உனக்குக் கொடுத்த வாக்கும் என் வாய் நோகாமல் நிறைவேறியிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் டாக்டரிடம் சொன்னாள், "அம்மாவுக்கு எப்படித் தெரியும், அவங்க திரும்பவே இல்ல. நான்தான் அவங்க முதுகையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். அந்தப் பழுப்புக் கோட்டோட பெல்ட்டு ஒரு பக்கம் அவுந்து சேத்துல இழுபட்டுக்கிட்டு இருந்துச்சு. அது ஆடுற வரைக்கும் குதிரைங்க என்கிட்ட வராதுன்னு இருந்துச்சு." டாக்டர் என் கோட்டைப் பார்த்தார், நானும் குனிந்து பார்த்தேன். பெல்ட்டு நுனியில் ஒரு முழம் சேறு. நான் வாயை மூடிக்கொண்டேன், அப்புறம் அழுதேன், டாக்டர் தன் வேலையைப் பார்த்தார். தலைக்கான சோதனை எல்லாம் முறைப்படி மறுபடி பண்ணித்தான் விடுவார்களாம், நான் கேட்டு வைத்திருக்கிறேன். எலும்பு கூடுகிற வரை எப்படியும் வீட்டில்தான், ஏப்ரல் போயிற்று.

மறுநாள் உன் அப்பா அவளுடைய ஹெல்மெட்டைக் கழுவித் துடைத்து, ஒரு கீறல்தானே என்று பழையபடி ஆணியில் மாட்டியிருந்தார். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் மறுபடி தலையைக் காக்காது என்று மாஸியிலிருந்து பாதிரியார் வரை எல்லாரும் சொல்கிறார்கள், இவருக்கு மட்டும் காசுதான் பெரிதாகத் தெரிகிறது. நான் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கோடாலியால் இரண்டாகப் பிளந்துவிட்டேன். ஓர்லா ஜன்னலிலிருந்து கைதட்ட முடியாமல் மேசையைத் தட்டினாள். புது ஹெல்மெட்டும், மார்புக் கவசமும் நானே போய் வாங்குகிறேன், வாரை விடாதே என்று அவளுக்கு இனி யாரும் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். உன் அப்பா நாலு வார்த்தை கூடச் செலவழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கோழிகளிடம் ஒத்திகை பார்த்ததைச் சொல்லத்தான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு, நான் வெட்டிக் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவள், நான் தொடங்குவதற்குள், அத்தனையும் நேரே வந்ததே அம்மா, உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள். செத்தேன் என்றேன். மறுபடி நிற்பாயா என்றாள். நிற்பேன் என்று வாயிலிருந்து வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் எந்த வாயால் அவளை விட்டுவிடச் சொல்வது? சொல்லவில்லை ஃபின்டன். வாக்குத் தவறிவிட்டேன், கோபப்படு, ஆனால் ஃபோனில் அவளிடம் காட்டாதே. இனி அந்தத் தகர வண்டிக்குப் பின்னால் நான் நிற்கப் போவதில்லை. அவள் ஓட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு வேலி எனக்கு என்று மாஸியிடம் சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, டெக்லனுக்கு ஒரு வரி எழுது, எப்போது பார்த்தாலும் உன்னைத்தான் கேட்கிறான். கடவுளும் மாதாவும் உன்னைக் காக்கட்டும். இன்னொன்று, மறந்துவிடாதே. என் பழுப்புக் கோட்டைத் தூக்கிப் போடச் சொல்லி, பெல்ட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது, நல்லதாக ஒன்று அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாயே, அனுப்பாதே. அவளுக்கு இதுதான் அடையாளம்.

என்றும் உன் அன்புள்ள,
அம்மா நோரீன்