சுடாத ரோடு

24-4-1983, ஞாயிறு

சித்திரைத் திருவிழாவுக்கு விரதம் இருக்கும் நாட்களில் அப்பா செருப்புப் போட மாட்டார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மத்தியான வெயிலில் "ஆத்தாடி, ஆத்தாடி" என்று கத்திக்கொண்டு புளியமர நிழலுக்கு நிழல் தாவுவார். பின்னாலேயே நானும் தம்பியும் சிரித்துக்கொண்டு தாவுவோம். எங்களுக்குத் திருவிழா அங்கேதான் தொடங்கும்.

இன்று ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை தார் ரோட்டின் நடுவிலேயே நடந்து வந்தார். நிழலைத் தேடவே இல்லை.

"கால் சுடலியாப்பா?" என்றேன்.

"இந்த வருசம் சுடவே இல்ல தாயி. அழகர் பாத்துக்கிறாரு."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் அவர் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. விரலால் அழுத்தினேன். நான் தொட்டதே தெரியாமல் அவர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்ட்ட காட்டுவோம்ப்பா."

"அழகர் ஆத்துல எறங்கட்டும், போவோம்."

அதுவரை என்னால் பொறுக்க முடியாது. காலையில் முதல் பஸ்ஸிலேயே கூட்டிப் போகிறேன். டாக்டர் ஊசியால் குத்திப் பார்க்கும்போது அப்பா ஒரே ஒரு தடவை "ஆத்தாடி" என்று கத்திவிட்டால் போதும்.