மந்திரி வீட்டு வாசலில் மறித்தவன்

ஜகார்த்தா, 1968

பாவாயிக்குச் செங்கோடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி? வாய்க்கு ஒன்றும் வந்திருக்காது, தெரியும்.

நான் சமைத்துப்போடும் பொருளாதார வாத்தியார் மந்திரியாகிவிட்டார். நம் மகள் பொன்னாத்தா கல்யாணத்துக்கு நான் ஊர் வரக் கையெழுத்துப் போடாமல், முகூர்த்தம் தாண்டும்வரை அலையவிட்டானே ஓர் அதிகாரி, அவன் நேற்றுப் பெரிய பதவி கேட்டு வந்தான். என்னை அவனுக்கு நினைவே இல்லை. "ஐயா தூங்குறாருங்க, நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டேன். உள்ளே ஐயா, "அவர் வரலையா?" என்றார். "வரலீங்க" என்றேன். இன்று காலை அந்தப் பதவி வேறொருவனுக்குப் போனது. வயிறு குளிர்ந்து இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

அடுப்பில் பருப்பு பொங்குகிறது. கொள்ளுப்பொடி அனுப்பு. அதோடு மருமகன் படம் ஒன்றும் வை. அவர் எதிரே வந்து நின்றாலும் யாரென்று கேட்டுவிடுவேன்.

செங்கோடன்