குதிகால் திரும்பிய மத்தியானம்

அன்புள்ள மதினி,

இன்று காலை கொடிப்பக்கம் போனபோது ஈரக் கம்பளி வாடை. டில்லியிலிருந்து வந்திருக்கும் என் மகள் துவைத்துப் போட்ட ஸ்வெட்டர்தான். அவ்வளவுதான், சங்கரன்கோவில் வீட்டு மச்சில் உங்கள் எதிரே போய் உட்கார்ந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்த புதுசு. காஷ்மீரில் பட்டாளத்தில் இருந்த அண்ணன் லீவில் வந்து, சொந்தக்காரர்களைப் பார்க்க ராயகிரிக்குப் போயிருந்தார். அவருடைய கம்பளிக் காலுறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இதுல தையலே இல்ல. குழல் மாதிரி எப்படிப் பின்னுதாவ?"

பள்ளிக்கூடத்தில் இரண்டு ஊசியில் மப்ளர் பின்னப் படித்தவர் நீங்கள். காலுறை பின்னத் தெரிந்தவர்கள் ஊரில் யாருமில்லை.

"பிரிச்சுப் பாத்துருவோமா?"

"அண்ணன் வைவாவ மதினி!"

"அவிய வாரதுக்குள்ள திரும்பப் பின்னிரலாம்."

ஒரு காலுறையை மட்டும் எடுத்து, அதன் விரல் நுனியில் கத்தரித்து இழுத்தீர்கள். நூல் சுற்றிச் சுற்றி வந்தது. குதிகால் வந்ததும் சுற்றுவது நின்று, பாதி அகலத்துக்குள் இங்கும் அங்குமாகத் திரும்பித் திரும்பி ஓடியது. "புரிஞ்சு போச்சுட்டி!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தீர்கள்.

இரண்டு முனையும் கூரான ஊசி வேண்டுமே! சைக்கிள் கடைக்குப் போய்ச் சக்கரக் கம்பி ஐந்து கேட்டோம். "ஒங்க வீட்ல சைக்கிளே கெடையாதே தாயி?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் அரத்தால் முனைகளைத் தேய்த்துக் கொடுத்தார். நான்கு கம்பியில் கண்ணிகளைக் கோத்து, ஐந்தாவதால் பின்னினீர்கள். கம்பி வழுக்கிக் கண்ணிகள் உதிரும். நான் எட்டிப் பிடித்துக் கொடுப்பேன். மூன்றாம் நாள் மத்தியானம் குதிகால் கிண்ணம்போலக் குழிந்து திரும்பியது. நாம் போட்ட கூச்சலில் தேள் கொட்டிவிட்டதென்று அம்மா ஓடி வந்தாள்.

அண்ணன் சொன்னதற்கு ஒரு நாள் முன்னாலேயே ராயகிரியிலிருந்து வந்துவிட்டார். "ஒத்தக் கால்லயா நான் பட்டாளத்துக்குப் போவேன்?" என்றவர் அப்புறம் உங்களிடம் பேசவேயில்லை. உங்கள் கண் கலங்கியிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் லீவு முடிந்து அண்ணன் கிளம்ப, ஸ்டேஷன் பெஞ்சிலும் பின்னினீர்கள். வண்டி வந்து நின்ற பிறகுதான் விரல் நுனியை மூடிக் கம்பியை உருவினீர்கள். அண்ணன் வாங்கிக்கொண்டு ஏறினார்.

வண்டி நகர்ந்தது. சட்டென்று பெட்டி வாசலில் அண்ணன்! கை காட்டவில்லை. பிடிகம்பியைப் பற்றிக்கொண்டு, காலுறை மாட்டிய வலது காலை வெளியே நீட்டி ஆட்டினார். "அம்சமா இருக்கு!" என்று கத்தினார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நீங்கள், ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

போன வாரம் என் தையல் மெஷின் நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் மறுநாள் வருவதாகச் சொன்னார். எனக்கு ஏது பொறுமை, மதினி? ஸ்குரூடிரைவரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன்.