பிக்கப் சாவியை எடுத்தது நானில்லை

மாமா,

நேற்று சாயங்காலம் வடாலா சிக்னலில் ஒரு டெம்போக்காரன் படாரென்று பிரேக் பிடித்தான். ரப்பர் கருகிய வாடை பஸ் ஜன்னல் வழியாக ஏறி என் மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டது. யாரும் எதுவும் கேட்காமலே என் வாய் "நான் எடுக்கல" என்றது. பக்கத்து சீட்டு ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. உடனே தன் கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நீங்கள் இருந்திருந்தால் இதை ஆண்டாப் ஹில் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. எடுக்காத ஒன்றை எடுக்கவில்லை என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், பஸ்ஸில், குளியலறையில், கெமிஸ்ட்ரி வகுப்பில். உங்களிடம் மட்டும் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வேன் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷம் சினிமா ஷூட்டிங்குக்கு நீங்கள் ஓட்டிய வேன். உள்ளே நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொண்டு ஏசியில் இருப்பார்கள், நீங்கள் வெளியே ஸ்டூல் போட்டு வெயிலில் இருப்பீர்கள். முதலாளி அதைக் கழித்துக்கட்டியபோது நீங்களும் மெக்கானிக் காதர் பாயும் சேர்ந்து வாங்கி, காதர் பாய் வொர்க்‌ஷாப்பில் நிறுத்தினீர்கள். மேக்கப் அறையில் கட்டில், கண்ணாடி மேஜையில் கேஸ் அடுப்பு. "இனி உள்ள நான், வெளிய வெயிலு" என்றீர்கள். அந்த மே மாதம் நீங்கள், அத்தை, நான், மூன்று பேரும் உடன்குடிக்குப் பக்கத்திலுள்ள அத்தை ஊர் வரை போவதாக முடிவானது. வீட்டைவிட்டு ஓடிப்போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், வீட்டோடு ஓடிப்போகும் முதல் குடும்பம் நாம்தான் என்றேன். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

வேன் அத்தை ஊர்த் தெருவுக்குள் நுழையாது. அதை மெயின் ரோட்டில் போட்டுவிட்டுச் சுற்றித் திரிய ஒரு பிக்கப் வேண்டும், அதை வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போக வேண்டும். இது உங்கள் யோசனை. வண்டி பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆராதனைக்கு மட்டம் போட்டேன், நீங்கள் அதற்கு உடந்தை.

செம்பூரில் பார்த்தது நாலு கதவு வைத்த பெரிய பிக்கப். நீங்கள் அதன் முன்னால் நின்று தாடியைச் சொறிந்தீர்கள். "இதக் கட்டுனா, வேன் இத இழுக்காது. இதுதான் வேனப் பிடிச்சு நிறுத்தும்." கோபர்கைரனேயில் பார்த்தது ஆட்டோமேட்டிக் கியர். எனக்கு அதன் நிறம் பிடித்திருந்தது. காதர் பாய் உதட்டைப் பிதுக்கினார். இஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் அந்தக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஏறாதாம், கருகிவிடுமாம். கடைசியில் மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்காரரிடம் கிடைத்தது நம்முடையது: சின்ன வண்டி, கையால் போடும் கியர், கனம் குறைவு. கதவைத் திறந்தால் வாடிய சாமந்தி மணக்கும். "இதுலயும் பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டக் கழட்டாம இழுத்தியன்னா, பூனா போய்ச் சேருததுக்குள்ள கியர்பாக்ஸ் அல்வாவாயிரும், அண்ணாச்சி" என்றார் காதர் பாய். "நம்மூரு அல்வான்னா பரவாயில்லையே" என்றீர்கள்.

பிறகு ஒரு மாதம் வேலை. பிக்கப்பின் முன் பம்பருக்குப் பின்னால் சேஸிஸோடு சேர்த்து இரும்புப் பட்டை வெல்டு பண்ணினார் காதர் பாய். வேனையும் பிக்கப்பையும் சேர்க்க ஒரு முக்கோணக் கம்பி. அது கழன்றாலும் பிடித்துக்கொள்ள ரெண்டு சங்கிலி, குறுக்கும் நெடுக்குமாக. வேன் பிரேக்கை மிதித்தால் பிக்கப்பின் பின்விளக்கும் எரிய ஒரு வயர். அந்த வயர் வேலையில் நான் புகுந்து, நீங்கள் பிரேக்கை மிதித்தால் பிக்கப்பின் ஹாரன் அலறும்படி செய்ததை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தின மாதம் உங்கள் ஸ்கூட்டர் சாவியை இட்லி மாவுக்குள் போட்டதையும் ஒப்புக்கொள்கிறேன். செய்ததையெல்லாம் ஒப்புக்கொள்வதுதான் என் கொள்கை. அதனால்தான் வலிக்கிறது.

இதற்கிடையே உங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தேன். காசை விரலிடுக்கில் ஒளித்து, எதிராளியின் காதிலிருந்து எடுப்பது போல எடுப்பது. உங்கள் தடித்த விரல்களுக்கு அது வரவே வரவில்லை. வெல்டிங் ஆறும் நேரமெல்லாம் காசைக் கீழே போட்டுப் போட்டுப் பழகினீர்கள். வந்துவிட்டபோது காதர் பாயின் காதிலிருந்து ஒரு நட்டையே எடுத்தீர்கள்.

அத்தை ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அந்த வருஷம் நீங்கள் இரண்டு தடவை கேஸை அணைக்க மறந்திருந்தீர்கள். "ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. அதுல ஒரு தப்பு நடந்தாலும் நான் ரயில்லதான் போவேன். நீங்களும் ரயில்லதான் வருவீய." நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் அன்று முழுக்கக் கேஸ் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நீங்களே பிக்கப்பை ஓட்டிவந்து வேனுக்குப் பின்னால் நிறுத்தி இறங்கினீர்கள். கம்பியை மாட்டினோம், ஷாஃப்ட்டைக் கழற்றினோம். நான் லிஸ்ட் எழுதி வைத்திருந்தேன். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் கீழே, சங்கிலி என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி: சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும், ஒரு திருகு திருகி. சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், முன்சக்கரம் திரும்பாது. அந்த வரிக்கு வருவதற்குள் நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "போதும்ட்டி. இருவத்திரண்டு வருசம் ஓட்டுனவனுக்கு லிஸ்ட்டா? ஏறு."

பம்பாயில் எந்த டிரைவர் சாவியை வண்டியில் விட்டுவிட்டு இறங்குவான்? இறங்கினால் கை தானாக உருவும், உருவினது தானாகச் சட்டைப் பைக்குள் போகும். உங்கள் கையும் அதைத்தான் செய்திருக்கிறது. அதில் எனக்குக் கோபமே இல்லை மாமா.

என் இடம் வேனின் பின் ஜன்னல், பிக்கப்பைப் பார்த்துக்கொண்டே வருவது என் வேலை. நேர் ரோட்டில் அது நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. முதல் திருப்பத்தில் முன்சக்கரம் திரும்பவில்லை, பக்கவாட்டில் இழுபட்டது. இரண்டாம் திருப்பத்தில் புகை. நான் கத்தினேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் நடிகர்களுக்காகப் போட்ட தடுப்புச் சுவர். அதை ஓங்கித் தட்டினேன். "வேலைய ஆரம்பிச்சிட்டா" என்று நீங்கள் அத்தையிடம் சொன்னது கேட்டது. ஃபோன் போட்டேன், கட் செய்தீர்கள். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "ஓ சாச்சா! பீச்சே தேகோ, தேகோ!" என்று பின்னால் பார்க்கச் சொல்லிக் கத்திய பிறகுதான் செம்பூர் வந்து ஓரம் கட்டினீர்கள்.

ஸ்கூட்டரில் பின்னால் வந்த காதர் பாய் எனக்கு முன்பே இறங்கிவிட்டார். ரெண்டு முன்டயரும் தோல் உரிந்து வெள்ளை நூல் தெரிந்தது. அவர் பிக்கப் கதவைத் திறந்து ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"சாவி எங்க, அண்ணாச்சி?"

உங்கள் கை சட்டைப் பைக்குப் போனது. அத்தை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் போன கை வெறுங்கையாக வெளியே வந்தது. வெறுங்கை போல வந்தது. அந்த மாதிரி விரல்களை மடக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"இவகிட்டதான் இருக்கும்" என்றீர்கள். என் பேகின் பக்கவாட்டுப் பையில் கையை விட்டீர்கள். சாவியோடு எடுத்தீர்கள்.

சுத்தமாக இருந்தது மாமா. காசு போட்டுப் பழகியபோதெல்லாம் தடுமாறிய விரல், அன்றைக்குத் தடுமாறவே இல்லை.

"நான் எடுக்கல" என்றேன்.

"மாவுக்குள்ள போட்டதும் நீ எடுக்காததுதானா?" என்றாள் அத்தை. "விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமாட்டி? பின்னால வந்தவன் எவனாவது அடிபட்டுச் செத்திருந்தா?"

"சத்தியமா அத்தை..."

"வாய மூடு."

காதர் பாய் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நீங்கள் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். என் தோளில் கை போட்டு, எல்லார் முன்னாலும் சொன்னீர்களே: "விடுங்க. சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிட்டா. நான் ஒண்ணும் நினைக்கல." செய்யாத தப்புக்கு என்னை மன்னித்தீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் ஆட்டோக்களைப் பார்த்தீர்கள்.

அத்தையின் சோதனையில் நீங்கள் பாஸ். நான் ஃபெயில். புது டயர் போட்டு அடுத்த வாரம் கிளம்பினீர்கள், நீங்கள் இரண்டு பேர் மட்டும். பிக்கப்பைக் கூட்டிக்கொண்டு போய், என்னை டிராப் பண்ணிவிட்டீர்கள். தாராவியில் எங்கள் வீட்டு மாடியில் நின்று நாள் முழுக்கத் தண்ணீர் டேங்க்கைப் பார்த்தேன். அப்பா என்னோடு பேசவில்லை. சர்ச்சில் பிள்ளைகள் "சாவி, சாவி" என்று கூப்பிட்டார்கள்.

கோலாப்பூர் தாண்டி எங்கிருந்தோ உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் லாரிச் சத்தம், டீக்கடைச் சத்தம். "ஏட்டி வாலு, சாப்ட்டியா?" என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டீர்கள். அப்புறம்: "சாவி எங்கிட்டதாம்ட்டி இருந்துச்சு. உனக்குத் தெரியும். உங்கத்த ரயிலுன்னுருவாளேன்னு பயந்துட்டேன். கை அதுபாட்டுக்குப் போயிட்டு. திரும்பி வந்ததும் நானே அவகிட்ட சொல்லிருதேன். அதுவரைக்கும் நீ சொல்லிராத, என்ன?"

மொத்தம் நாற்பது செகண்டு. கேட்டேன். பதில் போடவில்லை. ரெண்டு நாள் தவிக்கட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் காலையில் அத்தை ஊரில், வேனுக்குள், அந்த மேக்கப் அறைக் கட்டிலில், நீங்கள் எழுந்திருக்கவே இல்லை என்று அப்பாவுக்கு ஃபோன் வந்தது. மாரடைப்பு என்றார்கள். சொல்லிராத என்று என்னிடம் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டிய நீங்கள் போய்விட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் உங்களுக்கு வருஷ நினைவு ஜெபம். போதகர் பேசி முடித்ததும் ஆளாளுக்கு உங்களைப் பற்றிச் சொன்னார்கள். அத்தை சொல்ல எடுத்ததே சாவிக் கதைதான். "அவ்வளவு நட்டம் பண்ணுனா. ஒரு அடி அடிக்கலியே மனுசன். தோள்ல கையப் போட்டு, விடுன்னுட்டாவ." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். உங்கள் நல்ல குணத்துக்குச் சாட்சியே நான்தான் என்று ஆகிவிட்டது. நான் திருடவில்லையென்றால் நீங்கள் நல்லவர் இல்லை. பொருத்தம் பிரமாதம்.

"நீ சொல்லுட்டி" என்றாள் அத்தை. "உன் வாயால கேட்டாத்தான் நல்லாருக்கும்."

எழுந்து நின்றேன். ஃபோன் கையில்தான் இருந்தது, ஒரு தட்டு தட்டினால் போதும். வீட்டில் அத்தனை பேர், உங்கள் படம், அதற்குப் பக்கத்தில் அத்தை. ஒரு வருஷத்தில் அவள் பாதியாகிவிட்டாள், மாமா.

"இட்லி மாவுல போடத்தான் எடுத்தேன். மாவு இன்னும் அரைக்கலன்னுட்டாங்க" என்றேன். வீடே சிரித்தது. அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள்.

உங்களுக்காகச் சொல்லவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவும்போது அத்தை மெதுவாகக் கேட்டாள். "இத்தன வருசம் கேமராக்காரங்களோட இருந்தாவ. ஒரு வீடியோவுலயாவது பேசிருக்காவளான்னு தேடித் தேடிப் பாக்கேன். எல்லாத்துலயும் சும்மா நிக்காவ. குரலு மறந்துருமோன்னு பயமா இருக்குட்டி. யாருகிட்டயாவது இருக்குமா?"

"தெரியல அத்தை" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த நாற்பது செகண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். வெட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. முதல் நாலு செகண்டை மட்டும் தனியாக நறுக்கி அத்தைக்கு அனுப்பினேன், பழைய ஃபோனில் கிடந்தது என்று எழுதி. ஏட்டி வாலு, சாப்ட்டியா?

அத்தை உடனே கூப்பிட்டாள். எடுத்ததும் சொன்னாள்: "உன்னத்தான் கேக்காவ, பாத்தியா? நீ அவ்வளவு செஞ்சும், உன்னத்தான் கேக்காவ."

"ஆமா அத்தை" என்றேன்.

மிச்சம் முப்பத்தாறு செகண்டு என்னிடம் இருக்கிறது.