அப்பா பூசைக்குப் போகவில்லை

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் பெங்களூரில் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன் கண்ணு.

மிளகு பறிப்பு தொடங்கிவிட்டது, ஆள்தான் கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார், அடிவாரத்திலிருந்து ஏறி வந்தால் நாலைந்து பேர்தான் இருக்கிறீர்கள், வருகிற மாதத்திலிருந்து மாதம் ஒரு பூசைதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து நின்று, "அவ்வளவு பெரிய ஊர்ல இருந்துக்கிட்டு எம்புள்ள வாரந்தவறாம கொழந்தயக் கூட்டிக்கிட்டுக் கோவிலுக்குப் போறாளுங்க, இங்க இருக்கறவங்களுக்கு என்னங்க கேடு" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்த கையோடு, கூட வந்த பக்கத்து வீட்டு அம்சவேணியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிட்டார். பாப்பாதான் எடுத்தாள். கோவிலுக்குப் போயிட்டு வந்தீங்களா சாமி என்று கேட்டார். "அம்மா தூங்கறாங்க அப்புச்சி, நாங்க கோவிலுக்கெல்லாம் போறதே இல்ல" என்றாள். குழந்தையை அதட்டிவிடாதே, அவள் உள்ளதைச் சொன்னாள். அம்சவேணி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பா கிளம்பவில்லை. கோவிலில் நின்று பொய் சொன்ன வாயில் நற்கருணை வாங்க மாட்டேன் என்று மிளகுக் காட்டுக்குப் போய்விட்டார். நான் மட்டும்தான் போனேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். சாமியாரே வீடு தேடி வந்தார். அப்பா ஒன்றையும் ஒளிக்கவில்லை. "எங்க அண்ணன் ஊட்லயே யாரும் போறதில்லீங்க, நான் சாமியாரா இருந்து என்ன பண்ண முடிஞ்சுது" என்றார் சாமியார். அதற்கு அப்பா, "அப்ப எம்புள்ளைக்கு நான் என்னத்தைத்தாங்க குடுத்தேன்" என்று கேட்டுவிட்டு அழுதார் கண்ணு. மாதப் பூசை மாதப் பூசைதான், அதில் மாற்றமில்லை. அதற்கும் அப்பா வரவில்லை. நீ கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று என்னையும் தடுத்துவிட்டார்.

எங்களுக்காக நீ கோவிலில் போய் நிற்க வேண்டாம். ஏன் விட்டாய் என்று அவரிடம் நீயே சொல். வேலையோ, கோபமோ, மனம் ஒட்டவில்லையோ, எதுவானாலும் உன் வாயால் சொல். திட்டுவார், கேட்டுக்கொள். மாப்பிள்ளையைப் பேச வைக்காதே.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். பாப்பாவுக்குப் பனியில் தலைக்குக் குல்லா போடு. சாயங்காலம் அப்பா வீட்டில்தான் இருப்பார். நான் போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். அவர் எடுக்கிறவரை விடாமல் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா மயிலம்மாள்