ஏழாவது விதி: தனி கிளாஸ்

செப்டம்பர் 2, 1991

மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட பிரிண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதிவைக்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் வாய் திறந்து பேசாதது எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே.

கம்பெனி என்றால் ஸ்ரீபெரும்புதூர் ஹைவே ஓரம் ஒரு ஹால், எட்டு கம்ப்யூட்டர். அமெரிக்காவிலிருந்து வரும் புத்தகங்களை டைப் அடித்து அனுப்புகிறோம். இன்று மேனேஜர் ராஜசேகர் சார் கூப்பிட்டார். அவர் தம்பி செந்தமிழன் அங்கே படிக்கிறாராம், நண்பர்களோடு ஒரு விளையாட்டுப் புத்தகம் போடுகிறாராம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நான் மந்திரவாதி, நீ திருடன் என்று சொல்லிக்கொண்டு, பகடை உருட்டிக் கதை பேசுவார்கள். கதை எப்போதும் ஒரு சாராயச் சத்திரத்தில்தான் ஆரம்பிக்கும். எல்லாப் புத்தகத்திலும் அதே ரொட்டி, அதே பீர், அதே கறிக்குழம்பு.

"நம்ம பக்கத்து ஐட்டமா இருபது எழுதிக் குடும்மா. சத்திரம் எப்படி நடக்கும்னு ரூல்ஸும் எழுது. நீ பி.ஏ. இங்கிலீஷ் ஆச்சே. நல்லா வந்தா டிசம்பர்ல பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்."

எங்கள் தெருவில் டிகிரி முடித்தது நான் ஒருத்திதான். பர்மனென்ட் ஆனால் அப்பா சூளைக்குக் கல் அறுக்கப் போக வேண்டாம்.

செப்டம்பர் 6

எழுத எழுத வருகிறது. ஈசல் வறுவல் – தின்றவனுக்கு இருட்டில் கண் தெரியும். வயல் நண்டு ரசம் – காயம் ஆறும். சுண்டக்கஞ்சி – மூன்று குவளைக்கு மேல் போனால் பொய் சொல்ல முடியாது. நத்தைக் கறி – ஒரு நாள் பசிக்காது, ஆனால் நடை பாதியாகிவிடும்.

பக்கத்து சீட் சசிரேகா எட்டிப் பார்த்தாள். "ஐயே, நத்தையா! இதெல்லாம் யாருடி துன்றாங்க?"

நானும் சிரித்தேன். போன வாரம் தின்றேன்.

செப்டம்பர் 9

முடித்துவிட்டேன். சத்திரத்துக்கு ஏழு விதிகள். ஏழாவது: வருகிறவனை முதலில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். சில தெருக்காரர்களுக்கு வெளியே கவிழ்த்திருக்கும் கிளாஸ்தான். குடித்துவிட்டு, தானே கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

யோசித்து எழுதவில்லை. கடைக்குக் கூரை இருக்கும், அடுப்பு இருக்கும் என்று எழுதுவதுபோலத்தான்.

அக்டோபர் 3

செந்தமிழனிடமிருந்து பதில் வந்துவிட்டது. சார் ஹால் நடுவில் நின்று படித்தார். "ஏழாவது விதியைக் கேட்டு எங்க கும்பலே ஆடிப்போச்சு. இப்படி ஒரு கொடுமையை யோசிச்சது யாரு? என்ன கற்பனை! அவங்க பேரைப் புத்தகத்துல போடறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கற்பனையா? அங்கே அப்படிக் கிடையாதா, ஒரு கடையில்கூடவா? காலேஜ் கேன்டீனில் இல்லைதான். அது டவுன். ஊர்க்கடை என்றால் எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இதையெல்லாம் ஒருத்தர் யோசிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே! தம்பி சார் மாம்பலத்தில் வளர்ந்தவராம். அவருக்கும் தெரியாதாம்.

அக்டோபர் 4

சசிரேகா ட்ரீட் கேட்டாள். எதிரே புதிதாகத் திறந்திருக்கும் டீக்கடைக்குப் போனோம். கடை போட்டிருப்பது எங்கள் ஊர் செங்கமலம் என்று போன பிறகுதான் தெரிந்தது. அவங்க நிலத்தில் அப்பா கூலிக்குப் போனவர்.

"யாக்கோபு பொண்ணுதானே நீ? இங்கதான் வேலைக்கு வந்துக்கினு கீறியா? நல்லா இரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சசிரேகாவுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்கு, தட்டிக்கு வெளியே கவிழ்ந்து கிடந்த கண்ணாடி கிளாஸ்.

சசிரேகா கிளாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆறிடப் போவுது, குடி" என்றாள்.

குடித்தேன். கழுவிக் கவிழ்த்தேன்.

ஏன்டி குடிச்ச? ஏன் குடிச்ச?

அக்டோபர் 5

சசிரேகா இன்று வேறு பெஞ்சில் சாப்பிட்டாள்.

அக்டோபர் 8

சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, குரலைத்தான் தாழ்த்தினார்.

"சசிரேகா சொன்னா. தப்பா எடுத்துக்காதம்மா, நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல. ஆனா அந்த ஏழாவது விதி வேணாம். கற்பனைன்னா பரவால்ல. நிஜம்னு தெரிஞ்சா நம்மளப் பத்தி வெள்ளக்காரன் என்ன நெனைப்பான்? எல்லாருக்கும் ஒரே குவளைன்னு மாத்தி அடிச்சிடு. பர்மனென்ட் விஷயம் ஞாபகம் இருக்கு எனக்கு."

"சரி சார்."

பொய் என்று நினைத்திருந்த வரைக்கும் கை தட்டினார்கள்.

அக்டோபர் 9

மாற்றி அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அக்டோபர் 14

தம்பி சாரின் விலாசம் அன்று பதில் வந்த கடித உறை மேல் இருந்தது. லீவு போட்டுவிட்டு ஏர்மெயில் தாளில் எழுதினேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போனாலும் போவும்பா."

அப்பா காலில் ஒட்டியிருந்த சூளை மண்ணைத் தட்டினார். பிறகு, "மூணு மணித் தபால் கட்டு போறதுக்குள்ள போட்டுட்டு வா" என்றார்.

போட்டுவிட்டேன். எழுதியது இவ்வளவுதான்:

செந்தமிழன் சார், ஏழாவது விதியை எழுதியவள் மரகதம். அது கற்பனை இல்லை. உங்களுக்கு இப்போது வரும் தாளில் அது இருக்காது. மாற்றி அடித்ததும் நான்தான். புத்தகத்தில் என் பேர் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த விதியைத் திரும்பச் சேருங்கள். அங்கே மேஜையைச் சுற்றி உட்காருகிற யாராவது ஒருத்தர், விளையாட்டிலாவது, அந்த கிளாஸை வாங்க மாட்டேன் என்று சொல்லட்டும்.